ஐம்பத்தொரு கோடு

மாஞ்சரி, புணே
11.10.2006, புதன்கிழமை

அன்புள்ள மகன் இசக்கிமுத்துவுக்கு அம்மா பார்வதி எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் மூன்று வேளை சாப்பிட்டுக்கொண்டு நடமாடிக்கொண்டு இருக்கிறோம், அந்த அளவுக்குச் சுகம். நீ நன்றாக இருப்பதாக வெள்ளிக்கிழமைதோறும் போனில் சொல்கிறாய், சொல்வது அத்தனையும் நிஜமாக இருக்க நம் இசக்கியம்மன் காவல் நிற்கட்டும். போனில் பேசுகிறவள் இப்போது எதற்குக் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்திருக்கிறாள் என்று நினைப்பாய். போனில் பாதி நேரம் ஹலோ ஹலோ என்றே போய்விடுகிறது, மீதியில் நீ அப்பா மாத்திரை சாப்பிட்டாரா என்பாய், நான் சாப்பிட்டார் என்பேன், முடிந்தது. இது அப்படிச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை. உனக்குத் தமிழ் வாசிக்க நேரம் பிடிக்கும் என்று தெரியும், அதனால்தான் எழுத்தைப் பெரிது பெரிதாகப் போடுகிறேன். திக்கித் திக்கி வாசித்தாலும் நீயே வாசி ஐயா. உன் ரூமில் இருக்கிற தூத்துக்குடிப் பையன் நன்றாக வாசிப்பான் என்று அவன் கையில் கொடுத்துவிடாதே. ஒரே நாளில் முடிக்க வேண்டும் என்றும் இல்லை. காகிதம் ஏன் இப்படி நீளமாகவும் ஒடுக்கமாகவும் இருக்கிறது, அம்மாவுக்கு வேறு காகிதமே கிடைக்கவில்லையா என்றும் கேட்காதே, அதற்குக் காரணம் இருக்கிறது, சொல்கிறேன்.

முதலில் வீட்டுச் சேதி. அப்பாவுக்கு ஆகஸ்டில் வந்த சிக்குன்குனியா காய்ச்சல் போய்விட்டது, மூட்டுவலிதான் போகமாட்டேன் என்கிறது. காலையில் எழுந்ததும் விரல் மடங்குவதில்லை, டம்ளரை இரண்டு கையாலும் பிடித்துத்தான் சாய் குடிக்கிறார். நம் வரிசையில் பாதிப் பேருக்கு இதே கதை, தெருவில் போகிறவர்கள் எல்லாரும் ஒரு பக்கமாகச் சாய்ந்து நடக்கிறார்கள், பார்த்தால் சிரிப்பும் வருகிறது பாவமாகவும் இருக்கிறது. மழை இந்த வருஷம் கொட்டித் தீர்த்துவிட்டது. பின்பக்கத்துத் தகரத்தை மாற்ற வேண்டும் என்று சொன்னால், இசக்கி வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்கிறார் உன் அப்பா. ஐந்து வருஷமாக இந்த வீட்டில் எதைக் கேட்டாலும் அதுதான் பதில். குழாய் ஒழுகினாலும் நீ வரும்போது, கதவு இறுக்கிக்கொண்டாலும் நீ வரும்போது. அடுத்த வீட்டு வேதநாயகி மகள் மகர்பட்டாவில் ஒரு கம்பெனியில் போன் எடுத்துப் பேசுகிற வேலைக்குச் சேர்ந்துவிட்டாள், கம்பெனி வண்டி வாசலுக்கே வந்து ஏற்றிக்கொண்டு போகிறது. அவள் உன் தங்கச்சி கோதையோடு ஒரே வகுப்பில் படித்தவள் என்பது உனக்கு நினைவிருக்கும். அவள் வண்டியில் ஏறுகிற நேரம் பார்த்து நான் அடுப்படிக்குள் போய்விடுவேன். நல்ல பிள்ளை, அவள்மேல் எனக்கு ஒன்றும் இல்லை, பார்க்க முடியவில்லை, அவ்வளவுதான்.

இப்போது சேதிக்கு வருகிறேன். நம் காலைப் பாசஞ்சர் போய்விட்டது. உனக்கு அது எந்த வண்டி என்று சொல்லத் தேவையில்லை, ஐ.டி.ஐ.க்கு நீயும் அதில் தொங்கிக்கொண்டு போனவன்தானே. மாஞ்சரியில் ஏறி, ஹடப்சர் தாண்டிப் புணே ஸ்டேஷனில் இறங்கி, அங்கே லோகல் பிடித்துக் கசார்வாடி ரப்பர் பட்டறைக்கு என்று பதினேழு வருஷம் நான் போன வண்டி. லோகல் கரண்டில் ஓடுகிறது, அதற்கு என்ன குறை. நம்முடையது டீசல் எஞ்சின் இழுக்கிற பழைய பெட்டிகள். கிளம்பும்போது ஒரு முக்கு முக்கி, கறுப்பாகக் கக்கிவிட்டுத்தான் நகரும். மின்விசிறியைச் சீப்பால் தட்டிவிட்டால் சுற்றும், இல்லாவிட்டால் சும்மா தொங்கும். மழைக்காலத்தில் ஜன்னல் ஷட்டர் பாதியில் நின்றுகொள்ளும், நாங்கள் வண்டிக்குள்ளேயே குடை பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்போம். புணேக்குப் போனதும் எஞ்சினைக் கழற்றி, பக்கத்துத் தண்டவாளத்தில் சுற்றிக்கொண்டு வந்து, மறு முனையில் மாட்டினால்தான் திரும்பிக் கிளம்ப முடியும். அதற்கு ஒரு பத்து நிமிஷம் தாமதமானால் எல்லாமே தாமதம். இது பத்து நிமிஷம் பிந்தினால் எனக்கு லோகல் தவறிவிடும், லோகல் தவறினால் பட்டறையில் அரை நாள் போய்விடும்.

அதனால் பாஸ் வைத்திருக்கிற நாங்கள் எல்லாரும் சேர்ந்து, இந்தக் கிழட்டு வண்டியை மாற்றிப் புது வண்டி விடுங்கள் என்று மூன்று வருஷமாக மனுக் கொடுத்தோம். பெண்கள் பெட்டியில் ஒவ்வொருவரிடமும் போய்க் கையெழுத்து வாங்கியது வேறு யாரும் இல்லை, உன் அம்மாதான். முதல் கையெழுத்தும் நான் போட்டதுதான், தமிழில் பார்வதி மாடசாமி என்று. வண்டியை மாற்றினால் பெட்டியும் போய்விடும் என்பது அந்த நேரம் என் மண்டையில் ஏறவே இல்லை ஐயா. எஞ்சினை மட்டும்தான் நினைத்தேன், புகையையும் தாமதத்தையும்தான் நினைத்தேன். கேட்டது கிடைத்தது. தசராவிலிருந்து புது வண்டி, இரண்டு முனையிலும் டிரைவர் அறை, எஞ்சினும் பெட்டியும் ஒன்றாகச் சேர்ந்தது, கழற்றி மாட்டுகிற வேலையே கிடையாது என்று ஸ்டேஷனில் நோட்டீஸ் ஒட்டினார்கள். பெட்டி முழுக்கக் கை தட்டினார்கள், நானும் தட்டினேன். வீட்டுக்கு வந்து அரிசி களையும்போதுதான் எனக்கு விளங்கியது, கை அப்படியே தண்ணீருக்குள் நின்றுவிட்டது.

ஏன் என்று உனக்குத் தெரியாது. உனக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். இப்போது சொல்லப்போகிறேன், மனதைத் திடப்படுத்திக்கொண்டு வாசி. உன்னைக் குத்திக் காட்ட எழுதவில்லை என்பதை முதலில் எழுதிவிடுகிறேன், வாசித்து முடித்த பிறகும் இந்த வரியைத் திரும்ப ஒரு தடவை வாசி. 2001இல் விநாயகர் சதுர்த்திக்குக் கணபதி உட்கார்ந்த வாரம் கடல் தாண்டி உன் கடிதம் வந்தது, தீபாவளிக்கு லீவு கிடைத்துவிட்டது, வருகிறேன் என்று. கோதைக்கு அப்போது பதினெட்டு, லேப் டெக்னீஷியன் படிப்புக்காக என்னோடு பாசஞ்சரில் வந்துகொண்டிருந்தாள். கதவிலிருந்து மூன்றாவது ஜன்னல் எங்கள் இடம். கடிதம் வந்த அடுத்த திங்கட்கிழமை வண்டி ஏறினதும், காம்பஸ் முள்ளை எடுத்து, ஜன்னலோரத்து மரச்சட்டத்தில் ஒரு கோடு கீறினாள். என்னட்டி செய்கிறாய், அரசாங்கச் சொத்து, பிடித்துக்கொண்டு போவார்கள் என்று கையில் அடித்தேன். அண்ணன் வாறதுக்கு நாள் எண்ணுதேன் யம்மா, யார்ட்டயும் சொல்லிராத என்றாள். அன்றிலிருந்து நாளுக்கு ஒரு கோடு. அந்த வண்டிக்கு இரண்டு செட் பெட்டிகள் உண்டு, இன்று ஒன்று வந்தால் நாளை மற்றது வரும், எப்போதாவது முறை மாறும். அதனால் நம் பெட்டி வருகிற நாளில் விட்டுப்போன நாளுக்கும் சேர்த்து இரண்டு கோடாகப் போடுவாள். ஞாயிற்றுக்கிழமையையும் விடமாட்டாள், திங்களோ செவ்வாயோ ஞாபகமாகச் சேர்த்துக் கீறிவிடுவாள். ஹடப்சரில் கூட்டம் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிட்டு, துப்பட்டாவால் மூடிக்கொண்டு, ஒன்றும் தெரியாதவள் போல ஜன்னலுக்கு வெளியே பார்ப்பாள்.

நாற்பதாவது கோடு போட்ட அன்று வெள்ளிக்கிழமை. அன்று சாயந்திரம்தான் நீ வேதநாயகி வீட்டு போனில் கூப்பிட்டாய், முதலாளி பாஸ்போர்ட்டைக் கொடுக்கவில்லை, வர முடியாது என்று. நீ அழுதாய், நானும் அழுதேன், அவள் மட்டும் அழவில்லை. சரி, இனிமேல் கோடு போடமாட்டாள் என்று நினைத்தேன். மறுபடியும் நம் பெட்டி வந்த நாளில் காம்பஸை எடுத்தாள். அவன்தான் வரலையே, இனி எதுக்கு என்றேன். நீ பாரு, அண்ணன் எப்படியாச்சும் வந்துரும், கடைசி நாள்ல வந்து நிக்கும் என்றாள். அப்படியே பதினோரு கோடு போட்டாள். மொத்தம் ஐம்பத்தொன்று. ஐம்பத்தொன்றாவது கோடு கொஞ்சம் சாய்ந்திருக்கும், அன்றைக்கே அவளுக்குக் காய்ச்சல் தொடங்கிவிட்டது. பிறகு நடந்தது உனக்குத் தெரியும். மூளைக்காய்ச்சல் என்றார்கள், பதினான்கே நாள்.

அதற்குப் பிறகு ஐந்து வருஷம், நம் பெட்டி வருகிற நாளில் எல்லாம் நான் அந்த மூன்றாவது ஜன்னலில்தான் உட்கார்ந்தேன். கதவுக் கைப்பிடி உள்பக்கமாக வளைந்திருக்கும், அதை வைத்தே நம் பெட்டி எது என்று பிளாட்பாரத்தில் நிற்கும்போதே கண்டுபிடித்துவிடுவேன். உட்கார்ந்து முழங்கையைச் சட்டத்தின் மேல் வைத்துக்கொண்டு, முந்தானைக்குள் விரலால் தடவுவேன். ஒன்றிலிருந்து ஐம்பத்தொன்று வரை எண்ணி முடிக்கவும் ஹடப்சர் வரவும் சரியாக இருக்கும். ஒருமுறை நம் பெட்டி ஒர்க்ஷாப்புக்குப் போய் ஏழு வாரம் வரவில்லை. நான் சோறு இறங்காமல் கிடந்தேன், பட்டறையில் எனக்குச் சர்க்கரை வந்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். திரும்பி வந்தபோது வெளியே மட்டும்தான் பெயிண்ட் அடித்திருந்தார்கள், உள்ளே சட்டத்தை யாரும் தொடவில்லை. அன்று நான் வண்டிக்குள் சிரித்தேன் என்று அந்தோணியம்மாள் இன்றும் சொல்வாள். அவள் ஹடப்சரில் ஏறுகிறவள், புணேயில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஆயா, கோதை போனபிறகுதான் இந்த வண்டிக்கு வந்தவள். எனக்கு ஒரு மகள் இருந்தாள் என்பது அவளுக்குத் தெரியும், கோடு தெரியாது. நான் யாருக்கும் சொல்லவில்லை. யார்ட்டயும் சொல்லிராத என்று அவள் சொன்னதை நான் அப்படியே பிடித்துக்கொண்டேன்.

தசராவுக்கு முன்னால் பாஸ்காரர்கள் எல்லாரும் அவரவர் பெட்டிக்குப் பூஜை போடுகிற வழக்கம் உனக்குத் தெரியும். இந்த வருஷம் அதுவே வழியனுப்புகிற பூஜையும் ஆகிவிட்டது. செப்டம்பர் முப்பது, சனிக்கிழமை, கடைசி ஓட்டம். நல்லவேளையாக அன்றைக்கு நம் பெட்டியின் முறை. சட்டத்தைக் கழற்றித் தரச் சொல்லிக் கேட்கிற தைரியம் எனக்கு இல்லை, கேட்டால் எதற்கு என்பார்கள். அப்போதுதான் ஒரு யோசனை வந்தது. கோதை சின்னப் பிள்ளையில் எட்டணாக் காசைக் காகிதத்துக்கு அடியில் வைத்து மேலே பென்சிலால் தேய்ப்பாள், சிங்கம் அப்படியே எழும்பி வரும், நினைவிருக்கிறதா, உன் கணக்கு நோட்டு முழுக்கத் தேய்த்து வைத்ததற்கு அவளைத் துரத்தினாயே. அதே மாதிரி கோட்டின் மேல் காகிதத்தை வைத்துத் தேய்த்தால் ஐம்பத்தொன்றும் காகிதத்துக்கு வந்துவிடும், என்னோடு இருக்கும். வெள்ளிக்கிழமை சாயந்திரம் நல்ல மெல்லிசான வெள்ளைக் காகிதம் வாங்கி, சட்டத்தின் அளவுக்கு நீளமும் ஒடுக்கமுமாக வெட்டி, ஒன்று கிழிந்தால் இன்னொன்று என்று பத்துத் தாள் எடுத்துச் சுருட்டி, ஒரு பென்சிலையும் சீவிப் பையில் வைத்துக்கொண்டேன். அப்பா பார்த்துக்கொண்டே இருந்தார்.

சனிக்கிழமை வண்டி வந்தது. எஞ்சின் முகத்தில் கேந்திப்பூ மாலை, பெட்டிக்குப் பெட்டி வாழைக்கன்று. வளைந்த கைப்பிடியைப் பிடித்து ஏறினேன், உள்ளே குப்பென்று பெயிண்ட் வாசனை. பெட்டியின் உட்புறம் முழுக்க நீல நிறம். சீட்டு, சட்டம், ஜன்னல் எல்லாம் பளபளவென்று இருக்கிறது. அந்தோணியம்மாளும் எங்கள் பெட்டியில் வருகிற ஷபானாவும் அன்றைக்கென்று மாஞ்சரிக்கு முந்தின ஸ்டேஷனுக்கே போய் ஏறி, வண்டியில் எனக்காகக் காத்துக்கொண்டு நின்றார்கள். ஷபானா வீட்டுக்காரர் பெயிண்டர். முந்தின நாள் வெள்ளிக்கிழமை நம் பெட்டி சும்மா நின்ற நாள் அல்லவா, இரண்டு பேரும் வேலைக்கு லீவு போட்டு, வண்டி நிற்கிற இடத்துக்கே போய்க் கெஞ்சிக் கூத்தாடி அனுமதி வாங்கி, அவரையும் கூட்டிக்கொண்டு போய்ப் பகல் முழுக்கத் தேய்த்துப் பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், கடைசி நாளாவது வண்டி அழகாகப் போகட்டும் என்று. எனக்கு அவர்கள் பேசியது பாதி காதில் விழவில்லை. நான் மூன்றாவது ஜன்னலுக்குப் போனேன். சட்டம் வழவழவென்று இருந்தது. அந்தோணியம்மாள் பின்னாலேயே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு, எக்கா எப்படி இருக்கு, ஒன் சன்னலுதான் ஒரே கீறலாக் கெடந்துச்சு, எந்த மூதேவி செஞ்சாளோ, அதுக்கு மட்டும் ரெண்டு வாட்டி பட்டி வச்சு உப்புத்தாள் போட்டுத் தேச்சோம், இத்தன வருசம் ஒக்காந்த எடம்லா, கடைசியா நீ நல்ல எடத்துல ஒக்காந்து போணும்லா என்றாள்.

எனக்குக் கோபம் வந்தது ஐயா. அவள் மூஞ்சியில் அறைய வேண்டும் என்று வந்தது, பொய் சொல்ல மாட்டேன். அப்போது ஷபானா சிரித்துக்கொண்டே தன் கையை விரித்துக் காட்டினாள், பத்து விரலும் உப்புத்தாள் தேய்த்துத் தோல் உரிந்து சிவந்து கிடந்தது. அந்தோணியம்மாள் கையும் அப்படித்தான். எனக்காகச் செய்திருக்கிறார்கள். பெற்றவள் நான் வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அந்தச் சட்டத்தை மஞ்சள் குங்குமம் வைத்துக் கும்பிட்டிருப்பார்கள், அவர்கள் அப்படிப்பட்டவர்கள். ரொம்ப நல்லா இருக்கு என்றேன். வேறு என்ன சொல்ல. மூத்தவள் என்று தேங்காயை என் கையில் கொடுத்தார்கள், உடைத்தேன், இரண்டாகச் சரியாகப் பிளந்தது, நல்ல சகுனம் என்று எல்லாரும் கை தட்டினார்கள். முதல் பேடாவை என் வாயில்தான் ஊட்டினார்கள். அதை விழுங்க நான் பட்ட பாடு அம்மனுக்குத்தான் தெரியும். பிறகு என் இடத்தில் உட்கார்ந்து, பழக்கத்தில் முந்தானைக்குள் விரலை வைத்துத் தடவினேன். ஒன்றுகூட இல்லை. பெயிண்ட் சரியாகக் காய்ந்திருக்கவில்லை, விரலில் ஒட்டிக்கொண்டது. நகத்தால் கொஞ்சம் சுரண்டிப் பார்த்தேன், அடியில் பட்டிதான் வெள்ளையாக வந்தது. ஹடப்சர் வந்தது. அன்றைக்கு நான் எண்ணுவதற்கு ஒன்றும் இல்லாததால் ஹடப்சர் வர ரொம்ப நேரம் ஆனது.

புணேயில் எல்லாரும் இறங்கி வண்டியைத் தொட்டுக் கும்பிட்டார்கள். டிரைவர் ஹாரனை நீளமாக அடித்தார், சில பேர் அழுதார்கள், நானும் அழுதேன். நான் எதற்கு அழுகிறேன் என்று யாருக்கும் சந்தேகம் வரவில்லை, எல்லாரும் அழுகிற இடத்தில் அழுவது எவ்வளவு சௌகரியம். காலிப் பெட்டிகளை எஞ்சின் இழுத்துக்கொண்டு போகும்போது, இனி இது எங்கே போகும் என்று கொடி வைத்திருந்தவரிடம் கேட்டேன். பங்கார் மே ஜாயேகா மாவ்ஷி என்றார், பழைய இரும்புக்குத்தான் என்று. மரத்தை என்ன செய்வீர்கள் என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டுப் போய்விட்டார். லோகல் போய்விட்டது, அடுத்ததும் போய்விட்டது. அன்றைக்கு நான் பட்டறைக்குப் போகவில்லை.

மத்தியானம் வீட்டுக்கு வந்து பையைக் கீழே வைத்தேன். அப்பா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ஐந்து வருஷமாக அவர் வாயால் கோதை என்ற பெயரைச் சொன்னதில்லை என்பது உனக்குத் தெரியும். என்னைப் பார்த்துக் கோட்ட எடுத்துட்டியா என்றார். உங்களுக்கு எப்படித் தெரியும் என்றேன். தெனம் சாயந்திரம் வந்து எங்கிட்டச் சொல்லுவால்லா, இன்னைக்கு முப்பது, இன்னைக்கு நாப்பதுன்னு, அம்மைக்குச் சொல்லிராதீங்கன்னு சொல்லியிருந்தா என்றார். எனக்கு அவரிடம் சொல்லாதே, அவருக்கு என்னிடம் சொல்லாதே. அவள் அப்படித்தான், வீட்டில் எல்லாருக்கும் தனித்தனியாக ஒரு ரகசியம் கொடுத்து வைத்திருப்பாள். நான் நடந்ததைச் சொன்னேன். அவர் என் கையை இழுத்து நகக்கண்ணில் இருந்த நீலத்தைப் பார்த்தார். மடங்காத விரலால் அதைத் தடவிக்கொண்டே இருந்தார். பிறகு சத்தமாக அழுதார் இசக்கி. கோதையைத் தூக்கின அன்றுகூட அப்படி அழாத மனுஷன். வேதநாயகி பயந்துபோய் ஓடி வந்துவிட்டாள், சிக்குன்குனியா வலி என்று சொல்லி அனுப்பினேன்.

புது வண்டியில் இரண்டு நாள் போனேன். குறை சொல்லக் கூடாது, நல்ல வண்டி. நிற்கிறதும் தெரியாது கிளம்புகிறதும் தெரியாது, சொன்ன நேரத்துக்குப் புணேயில் இறக்கிவிடுகிறது, விளக்கு பளிச்சென்று எரிகிறது, மின்விசிறி தானாகச் சுற்றுகிறது. பெண்களுக்கான இடம் பாதிப் பெட்டிதான், நின்றுகொண்டு போக வேண்டியிருக்கிறது, பரவாயில்லை. இரண்டாம் நாள் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. தலையிலிருந்து ஊசியை எடுத்து, யாரும் பார்க்காதபோது சட்டத்தில் ஒரு கோடு போட்டுப் பார்த்தேன். எல்லாம் தகடு, ஊசி வழுக்கிக்கொண்டு போகிறது, கோடு விழவில்லை. எதிரே இருந்த காலேஜ் பிள்ளை, ஆன்ட்டி க்யா கர் ரஹே ஹோ என்று கேட்டது, என்ன செய்கிறீர்கள் என்று. வெட்கமாகப் போய்விட்டது. அதற்குப் பிறகு நான் வேலைக்குப் போகவில்லை. உடம்பு சரியில்லை என்று பட்டறைக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன், நேற்று அந்தோணியம்மாள் இட்லி செய்து எடுத்துக்கொண்டு பார்க்க வந்தாள். அவளிடம் நான் சொல்லவில்லை, இனி எந்தக் காலத்திலும் சொல்லமாட்டேன். அவள் தாங்கமாட்டாள்.

ஆனால் உன்னிடம் சொல்லாமல் இருக்கக் கூடாது என்று தோன்றிவிட்டது. நான் வாயை மூடிக்கொண்டு இருந்ததால்தான் அது போனது. உன் விஷயத்திலும் வாயை மூடிக்கொண்டுதான் இருக்கிறேன். புதுக் கம்பெனிக்கு மாறி மூன்று வருஷம் ஆகிறது, பாஸ்போர்ட் உன் கையில்தான் இருக்கிறது என்று உன் கூட்டாளி போன வருஷம் இங்கே வந்தபோது சொல்லிவிட்டான். உனக்கு லீவு இல்லாமல் இல்லை. வெள்ளிக்கிழமைதோறும் அடுத்த வருஷம் அம்மா, அடுத்த வருஷம் அம்மா என்று நீ சொல்லும்போது எனக்குத் தெரியும், நீ இந்த வாசலில் கால் வைக்கப் பயப்படுகிறாய். அவள் இல்லாத வீட்டுக்கு எப்படி வருவது, அம்மா முகத்தை எப்படிப் பார்ப்பது என்று நினைக்கிறாய். நானும் நீயாக வரட்டும், கேட்டால் பிள்ளைக்கு வலிக்கும் என்று மூடி மூடி வைத்தேன். உன்மேல் யாருக்கும் ஒரு வருத்தமும் இல்லை ஐயா. அப்பாவுக்கு இல்லை, எனக்கு இல்லை. அவளுக்கும் இல்லை, இருந்திருந்தால் நீ வரவில்லை என்று சொன்ன பிறகு அந்தப் பதினோரு கோட்டைப் போட்டிருக்கமாட்டாள். அந்தப் பதினொன்றுக்காகத்தான் இதையெல்லாம் உனக்கு எழுதினேன். அது இருந்ததற்கு இப்போது சாட்சி இல்லை, அம்மா சொல்வதை நம்பு.

நான் எவ்வளவு நாள் இருப்பேனோ, அப்பா எவ்வளவு நாள் இருப்பாரோ தெரியாது. சும்மா பயமுறுத்தவில்லை, விரல் மடங்காத மனுஷனைத் தினமும் பார்த்துக்கொண்டு இருக்கிறவள் சொல்கிறேன். வா. தகரத்தை மாற்ற வேண்டாம், கதவைச் சரிசெய்ய வேண்டாம், கல்யாணப் பேச்சு எடுக்கமாட்டேன், ஒரு வாரம் வந்து படுத்துத் தூங்கிவிட்டுப் போ. அவளுடைய துணிப்பெட்டியையும் புத்தகத்தையும் நான் கட்டிப் பரணில் வைத்துவிட்டேன், நீ பார்க்க வேண்டாம் என்றால் பார்க்க வேண்டாம்.

இது உன் கைக்கு வரும்போது தீபாவளி வந்திருக்கும், இல்லை போயிருக்கும். தலைக்கு எண்ணெய் வைத்துக் குளி, புதுச்சட்டை ஒன்று எடுத்துப் போடு, வெறும் வயிற்றில் வேலைக்குப் போகாதே, வெயிலில் தலையில் துண்டு இல்லாமல் நிற்காதே. அம்மனும் அப்பனும் உன்னை நோயில்லாமல், குறையில்லாமல் வைத்திருக்கட்டும். அப்பா தன் கையெழுத்தையும் போடுகிறேன் என்றார், பேனாவைப் பிடிக்க முடியவில்லை, அதனால் அவருடைய ஆசீர்வாதத்தையும் நானே எழுதிவிடுகிறேன்.

காகிதத்தைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே, இந்நேரம் உனக்கே விளங்கியிருக்கும். அவள் கோட்டைத் தேய்த்து எடுக்க வெட்டின பத்துத் தாளில் ஒன்பதில் எழுதிவிட்டேன். பத்தாவதில் ஒன்றும் எழுதவில்லை, மறந்துபோய் வெள்ளைத் தாளை வைத்து அனுப்பிவிட்டாள் என்று தூக்கிப் போட்டுவிடாதே. நீ வருகிற தேதியை அதில் எழுதி, அதையே திருப்பி அனுப்பு. தாள் என் கைக்கு வந்த அன்றிலிருந்து நீ வருகிற நாள் வரை அதில் நான் கோடு போடுகிறேன்.

உன் அம்மா,
பார்வதி